ஸ்டியரிங் பெட்டியும் ஒரு திருகாணியும்

ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினா வண்டி இடது பக்கம் போகுது. வலது பக்கம் திருப்பினா வலது பக்கம் போகுது. இதுல என்னய்யா வரலாறு இருக்குன்னு கேக்கறீங்களா? இருக்கு மக்களே. நம்ம கைக்கும் ரோட்டுல திரும்புற டயருக்கும் நடுவுல ஒரு இரும்புப் பெட்டி உக்காந்திருக்கு. லாரி, பஸ், பழைய ஜீப்புன்னு பலதுலயும் பார்க்கலாம். அந்தப் பெட்டி யார் யார் கை மாறி நம்ம ஊர் வரைக்கும் வந்துச்சு, இப்ப ஏன் நம்ம கையை விட்டுப் போயிட்டிருக்குங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீயைக் கையில வச்சுக்கிட்டே படிங்க.

மாட்டு வண்டிக்கு ஏன் ஸ்டியரிங் இல்லை?

நம்ம கட்டை வண்டிக்கு ரெண்டே சக்கரம். மாடு திரும்பினா நுகத்தடி திரும்பும், வண்டியும் கூடவே திரும்பும். ரெண்டு சக்கரமும் அச்சுல தனித்தனியா சுத்துறதால, வளைவுல ஒண்ணு வேகமாவும் இன்னொண்ணு மெதுவாவும் சுத்திக்கும். பிரச்சினையே கிடையாது. நாலு சக்கரம் வச்ச குதிரை வண்டிக்குத்தான் தலைவலி ஆரம்பிச்சுது. முன் அச்சை நடுவுல ஒரு ஆணியில மாட்டி, முழு அச்சையும் திருப்புவாங்க. ரொம்ப ஒடிச்சுத் திருப்பினா முன்பக்கத் தாங்கல் குறைஞ்சு வண்டி குடை சாயும்.

1817-ல் ஜெர்மனியில ம்யூனிக் நகரத்துல வண்டி கட்டிக்கிட்டிருந்த கியார்க் லாங்கென்ஷ்பெர்கர் இதுக்கு ஒரு வழி சொன்னார். அச்சைத் திருப்பாதே, அது அங்கேயே இருக்கட்டும். அச்சோட ரெண்டு முனையிலயும் சக்கரத்தை மட்டும் தனித்தனியாத் திருப்பு. அவ்வளவுதான். லண்டன்ல அவருக்கு ஏஜெண்டா இருந்தவர் ருடால்ஃப் ஆக்கர்மேன். புத்தகமும் படமும் அச்சடிச்சு வித்த கடைக்காரர். 1818-ல் இங்கிலாந்து பேடண்ட் அவர் பேர்ல பதிவாச்சு. இன்னிக்கு வரைக்கும் இஞ்சினியரிங் காலேஜ்ல நாம மனப்பாடம் பண்றது ஆக்கர்மேன் பேரைத்தான். வேலை செஞ்சது ஒருத்தர், பேர் வாங்கினது இன்னொருத்தர். நம்ம ஐ.டி. கம்பெனி கதை 200 வருசம் முன்னாடியே நடந்திருக்கு :-)

அந்தப் படத்தோட சாரம் என்னன்னா, வளைவுல உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தை விடக் கொஞ்சம் அதிகமாத் திரும்பணும். ஏன்? களத்துல போரடிக்கறப்ப வரிசையாப் பிணைச்ச மாடுகளை நினைச்சுப் பாருங்க. உள்ளே நிக்கற மாடு சின்ன வட்டம் போடும், வெளியில இருக்கற மாடு பெரிய வட்டம் போடும். வண்டிச் சக்கரமும் அதே மாதிரிதான். ரெண்டையும் ஒரே அளவு திருப்பினா ஒரு டயர் உருளாம தேய்ஞ்சுக்கிட்டே வரும்.

கைப்பிடி போய் வட்டம் வந்தது

முதல்ல வந்த கார்கள்ல ஸ்டியரிங் வீல் கிடையாது. படகுச் சுக்கான் மாதிரி ஒரு கைப்பிடிதான். 1894-ல் பாரிஸ்லேர்ந்து ரூவான் வரைக்கும் நடந்த ஓட்டத்துல ஆல்ஃபிரட் வாஷெரோன் தன்னோட பனார் வண்டியில வட்டமான ஸ்டியரிங் வச்சு ஓட்டினார். அடுத்த சில வருசத்துல எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க.

கைப்பிடியில என்ன கோளாறு? முன் சக்கரம் ஒரு கல்லுல மோதினா, அந்த அடி அப்படியே கைக்கு வரும். வேகம் கூடக் கூட கையே கழண்டுடும். அதனால நடுவுல பல்சக்கரம் வேணும். ஸ்டியரிங்கை 14 டிகிரி திருப்பினா டயர் ஒரு டிகிரிதான் திரும்புதுன்னு வச்சுக்கோங்க. திருப்ப நம்ம கைபலம் கொஞ்சம் போதும். அதே சமயம் ரோட்டுல வாங்குற அடி கைக்கு வர்றப்ப ரொம்பக் குறைஞ்சிருக்கும். இந்த வேலையைச் செய்யறதுதான் ஸ்டியரிங் பெட்டி.

இங்கதான் அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்து லாஃபயெட்ங்கற ஊர் கதைக்குள்ள வருது. அங்க டேவிட் ராஸ்ங்கறவர் 1906-ல் ராஸ் கியர் அண்ட் டூல் கம்பெனியை ஆரம்பிச்சார். ஸ்டியரிங் பெட்டி செய்யறதுதான் தொழில். 1920-கள்ல அவங்க கொண்டு வந்த பெட்டிக்கு 'கேம் அண்ட் லீவர்'னு பேர். ஸ்டியரிங் தண்டோட அடிமுனையில திருகு மாதிரி பள்ளம் வெட்டின ஒரு உருளை. அந்தப் பள்ளத்துக்குள்ள ஒரு லீவரோட கூம்பு முளை உக்காந்திருக்கும். ஸ்டியரிங்கைச் சுத்தினா முளை பள்ளத்தோட நகரும், லீவர் ஆடும், பெட்டிக்கு வெளிய இருக்கற டிராப் ஆர்ம் டயரை இழுக்கும். இவ்ளோதான் விசயம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பெட்டியோட பக்கத்து மூடியில இருக்கற ஒரு சின்னத் திருகாணி. இரும்போட இரும்பு உரசினா தேயும். தேய்ஞ்சா ஸ்டியரிங்ல ஆட்டம் வரும். அப்ப லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூ டிரைவரால அந்தத் திருகாணியைக் கொஞ்சமா உள்ளே தள்ளினா, கூம்பு முளை பள்ளத்துல இன்னும் ஆழமா உக்காரும். ஆட்டம் போயிடும். இதைவிட நுணுக்கமான வேலை ஒண்ணு பள்ளத்துலயே இருக்கு. நேர்ரோட்டுல போறப்ப முளை நிக்கற நடுப்பகுதியில மட்டும் பள்ளத்தை ஆழம் குறைச்சு வெட்டியிருப்பாங்க. வண்டி ஆயுசுல பெரும்பகுதி நேராப் போறதால அங்கதான் தேய்மானம் அதிகம். அந்த இடத்துல தேய்ஞ்ச பிறகு இறுக்கினாலும், திருப்பத்துல பிடிக்காம இருக்கணுமே!

யோசிச்சுப் பாருங்க. செய்யறப்பவே, 'இது தேயும், தேயறப்ப ஓட்டுறவனே சரி பண்ணிக்குவான்'னு நினைச்சு, அதுக்கு இடம் விட்டுச் செஞ்ச பொருள் இது. முகம் தெரியாத ஒரு மெக்கானிக் மேல ஒரு டிசைனர் வச்ச நம்பிக்கைதான் அந்தத் திருகாணி.

ஜீப்பு வந்த கதை

1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர வண்டி வேணும்னு 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டுச்சு. முதல்ல செஞ்சு காட்டினது பாண்டம்ங்கற சின்ன கம்பெனி. கடைசியில பெருசா ஆர்டர் வாங்கினது வில்லிஸும் ஃபோர்டும். ரெண்டாம் உலகப் போர் முடியறதுக்குள்ள 6 லட்சத்துக்கும் மேல ஜீப்புகள் வெளியே வந்துச்சு. அத்தனையிலயும் ராஸ் கம்பெனி வகை கேம்-லீவர் பெட்டிதான். பட்டாளத்துக்காரன் முக்கால்வாசிப் பேர் அதுக்கு முன்னாடி ஸ்பேனர் பிடிச்சவனே இல்லை. அவனுக்குப் புரியற மாதிரி, எதை எந்த வரிசையில கழட்டணும்னு படம் போட்டு ராணுவம் புத்தகம் அடிச்சுக் கொடுத்துச்சு. 1944-ல் வந்த அந்த ஜீப் கையேட்டை இன்னிக்கும் பழைய ஜீப் வச்சிருக்கறவங்க தேடிப் படிக்கறாங்க.

போர் முடிஞ்சதும் இந்தியாவுல மிச்சம் நின்ன வண்டிகள் டிஸ்போசல்ல வித்துத் தீர்ந்துச்சு. 1945-ல் ஆரம்பிச்ச மஹிந்திரா அண்ட் முகம்மது கம்பெனி, 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. 1940-களோட கடைசியில பம்பாய்ல வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமா இறக்கிப் பூட்ட ஆரம்பிச்சாங்க.

அப்போ வண்டியை இங்க பூட்டினாலும் பாகங்கள் எல்லாம் கப்பல்லதான் வரும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1920-கள்லேர்ந்து அப்படித்தான் நடத்திக்கிட்டிருந்தாங்க. 1953-ல் மத்திய அரசு ஒரு கொள்கை முடிவு எடுத்துச்சு. இங்கேயே பாகங்களைச் செய்யற திட்டம் இருந்தா இரு, இல்லைன்னா கடையைக் கட்டு. ரெண்டு அமெரிக்கக் கம்பெனியும் 1954 வாக்குல கடையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க.

இந்த முடிவு நம்ம மதராஸை மாத்திடுச்சு. எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் 1948-ல் ஆரம்பிச்சு, 1955-ல் அசோக் லேலண்ட் ஆச்சு. அதுக்குப் பாகங்கள் வேணுமே? 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன்னு வரிசையா வந்துச்சு. 1929-ல் மோட்டார் பாகம் விக்கிற கடையா ஆரம்பிச்ச ராணே, 1960-கள்ல டை ராட் எண்ட் மாதிரி ஸ்டியரிங் இணைப்புகளைச் செய்ய ஆரம்பிச்சு, அப்புறம் ஸ்டியரிங் பெட்டிக்கும் வந்துச்சு. லாஃபயெட்ல பிறந்த வித்தை, வேளச்சேரி ரோட்டுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

கார்களுக்கு அப்பவே பெட்டி தேவையில்லாம ஆகிக்கிட்டிருந்துச்சு. 1958-ல் வந்த அம்பாசடர்ல ரேக் அண்ட் பினியன்தான். 1961-லேர்ந்து மதராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதேதான், சின்ன சந்துலகூட வட்டமடிச்சுத் திரும்பும். ஆனா முன்னாடி ஒரே தண்டா அச்சு வச்ச லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் பெட்டிதான் தோது. அதனால கிராமத்து ரோட்டுல ஓடின வண்டிகள்ல பெட்டி நிலைச்சு நின்னுடுச்சு.

கெடார்ல ஒரு ஞாயித்துக்கிழமை

விழுப்புரத்துலேர்ந்து காணை வழியா திருவண்ணாமலை போற ரோட்டுல இருக்கு எங்க ஊர் கெடார். 1952-ல் சமூக வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு கிராமத்துக்காரங்க பக்கத்துல நின்னு பார்த்த மோட்டார் வண்டின்னா அது பி.டி.ஓ. ஜீப்புதான். ஜீப்பு வந்தாலே யாரோ ஆபீசர் வந்திருக்காருன்னு அர்த்தம். அப்படி ஓடி ஓய்ஞ்ச ஒரு ஜீப்பைத்தான் எங்க பெரியப்பா பல வருசம் முன்னாடி ஏலத்துல எடுத்தார்.

அந்த ஜீப்புக்கு ஸ்டியரிங் ஆட்டம் கூடிக்கிட்டே வந்துச்சு. திருகாணியை இறுக்கினா நேர்ரோட்டுல நல்லா இருக்கு, திருப்பத்துல பிடிக்குது. நடுப்பள்ளம் முழுசாத் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். இனிமே திருகாணியால ஆகாது, பெட்டியை மாத்தணும். புதுப்பேட்டையில தேடி, உள்ளே முளையும் பள்ளமும் தேயாத ஒரு பெட்டியைப் பிடிச்சாங்க. வீட்டு வாசல்ல புளியமரத்தடியில வேலை. நான் ஊருக்குப் போயிருந்த நேரம், எடுபிடி உத்தியோகம் எனக்கு.

"இன்னாடா கம்ப்யூட்டரு, பேட்டரிய கழட்டு மொதல்ல" அப்படின்னார் பெரியப்பா. ஹாரன் ஒயர் ஸ்டியரிங் தண்டுக்குள்ளதான் போகுது, அதான் முதல் வேலை. அப்புறம் ஸ்டியரிங் வீலைப் புல்லர் போட்டு இழுத்தாச்சு. அடுத்தது டிராப் ஆர்ம். மெக்கானிக் அண்ணன் உளியால ஆர்ம்லயும் தண்டுலயும் ஒரே கோட்டுல குறி வச்சார். நட்டைக் கழட்டி, புல்லரை மாட்டி இறுக்கி, சுத்தியலால ஒரே அடி. டங்குன்னு சத்தத்தோட வந்துடுச்சு. சேஸ்ல இருந்த போல்ட்டைக் கழட்டிட்டா, தண்டும் பெட்டியும் சேர்ந்து ஒரே உருப்படியா, சாய்ச்சுச் சாய்ச்சு வெளிய எடுக்கணும். நாலு பேர், நாலு விதமான யோசனை, ஒரு மணி நேரம்.

புதுப் பெட்டியை மாட்டறதுக்கு முன்னாடி அண்ணன் செஞ்ச வேலைதான் எனக்குப் புதுசு. தண்டை ஒரு கடைசி வரைக்கும் திருப்பி, அங்கேர்ந்து மறு கடைசி வரைக்கும் எத்தனை சுத்துன்னு எண்ணினார். அதுல சரிபாதி திருப்பி நிறுத்தினார். "இதான் தம்பி செண்டர். டயரை நேரா வச்சு, இந்த எடத்துல ஆர்ம மாட்டணும். ஒரு பல்லு தள்ளி மாட்டுனாலும் வண்டி ஒரு பக்கம் கம்மியாத்தான் ஒடியும். நேரா போறப்பவும் ஆட்டம் நிக்காது." ஆழம் குறைஞ்ச அந்த நடுப்பள்ளம் இருக்கே, முளை சரியா அங்க நிக்கணும்ங்கறதைத்தான் அவர் சொன்னார். நான் படத்துல பார்த்ததை அவர் விரலால தெரிஞ்சு வச்சிருந்தார்.

கியர் ஆயில் ஊத்தி, டிராக் லிங்கை மாட்டி, கடைசியா காட்டர் பின். பழைய பின் நல்லாத்தானே இருக்கு, நிமிர்த்திப் போட்டுடலாமேன்னு பெரியப்பா கேட்டார். அண்ணன் பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசைப் பிரிச்சார். "அண்ணே, இஞ்சின் நின்னா வண்டி நிக்கும். பிரேக்கு போனாகூட கியர்ல புடிக்கலாம். இது கழண்டா யாரையும் கூப்புட முடியாது" அப்படின்னார். அதுக்கு மேல யாரும் பேசலை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ஐ எடுத்துப் பார்த்தா, 98-வது விதி ஸ்டியரிங் பத்தினது. ஸ்டியரிங் வீல்ல ஆட்டம் 30 டிகிரிக்கு மேல இருக்கக்கூடாது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கணும். இணைப்பு போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்கணும். 30 டிகிரின்னா கடிகாரத்துல 12-க்கும் 1-க்கும் நடுவுல இருக்கற தூரம். அவ்ளோ தூரம் நீங்க திருப்பியும் டயர் அசையலைன்னா, அந்த வண்டி அந்த நேரத்துல உங்க பேச்சைக் கேக்கலைன்னு அர்த்தம். டெல்லியில எழுதின விதியும் புளியமரத்தடியில அண்ணன் பிரிச்ச காட்டர் பின்னும் ஒரே விசயத்தைத்தான் சொல்லுது.

பெட்டி போய் பொட்டி வந்தது

கனமான வண்டியைக் கையாலயே திருப்பறது பெரிய பாடு. பியர்ஸ்-ஆரோ கம்பெனி இஞ்சினியர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-லயே எண்ணெய் அழுத்தத்தால இயங்குற பவர் ஸ்டியரிங்கைச் செஞ்சு காட்டிட்டார். விக்கிற காருக்கு அது வந்தது 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல்லதான். இந்தியாவுல ராணேயும் அமெரிக்காவோட டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியும் 1987-ல் கூட்டு சேர்ந்து பவர் ஸ்டியரிங் செய்ய வந்தாங்க.

இங்க ஒரு சுவாரசியம். அந்த டி.ஆர்.டபிள்யூ. யாரு? 1960-கள்ல லாஃபயெட் ராஸ் கம்பெனியை வாங்கினவங்க. ஜீப்புக்குப் பெட்டி கொடுத்த வீட்டுக்கும் மதராஸ் வீட்டுக்கும் இப்படிச் சம்பந்தம் ஆயிடுச்சு. 2015-ல் டி.ஆர்.டபிள்யூ.வை ஜெர்மனியோட இசட்.எஃப். வாங்கிட்டாங்க. நம்ம விழுப்புரத்துலேர்ந்து பாண்டிச்சேரி போற ரோட்டுல மதகடிப்பட்டு தாண்டினா திருபுவனை. அந்தப் பக்கத்துலயும் ராணேவுக்கு ஸ்டியரிங் பாகம் செய்யற ஆலை இருக்கு. உலகம் உருண்டைன்னு சும்மாவா சொன்னாங்க.

அடுத்த மாற்றம் மின்சாரம். 1988-ல் ஜப்பான்ல சுசுகி செர்வோ கார்ல மின்மோட்டார் ஸ்டியரிங் வந்துச்சு. இன்னிக்கு நம்ம ஊர்ல விக்கிற சாதாரணக் கார்லயே அதுதான். கை எவ்வளவு பலமாத் திருப்புதுன்னு ஒரு சென்சார் அளக்கும், ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும், மோட்டார் உதவும். எண்ணெய் ஒழுகாது, பம்பு ஓட்டற பெட்ரோலும் மிச்சம். பல கார்ல வண்டி தடம் மாறினா தானே இழுத்துச் சரி பண்ணும். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள்ள ஓடறது என்னை மாதிரி பொட்டி தட்டுறவன் எழுதின நிரல்தான். அதனால அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா அதை மாத்திப் பாருங்க. போல்ட்டைக் கழட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது. புது ஸ்டியரிங்கை மாட்டின பிறகு, எது நேர், எது பூஜ்யம்னு ஒரு ஸ்கேன் கருவியை மாட்டிச் சொல்லிக் கொடுக்கணும். சுத்து எண்ணிப் பாதியில நிறுத்துற அண்ணனோட வேலையை இப்ப ஒரு மென்பொருள் செய்யுது. வேலை அதே வேலைதான். ஆனா சாவி கம்பெனிகிட்ட இருக்கு.

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பத்தி ஒரு குழு போட்டுச்சு. அதே வருசம் டிசம்பர் 24-ல் ஒரு இணையதளமும் திறந்தாங்க. மொபைல், வீட்டுச் சாமான், விவசாயக் கருவி, மோட்டார் வண்டின்னு நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க. நல்ல ஆரம்பம். ஆனா கையேடு கொடுக்கறது வேற, கருவியும் சாவியும் கொடுக்கறது வேற.

இன்னொண்ணு. 2023 ஏப்ரல் 1-லேர்ந்து 15 வருசம் தாண்டின அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது, உடைக்கத்தான் அனுப்பணும். பெரியப்பா எடுத்த மாதிரி ஓடற பழைய ஜீப்பு இனிமே ஏலத்துக்கு வராது. புகையும் பாதுகாப்பும் பார்த்தா இது நியாயம்தான். ஆனா ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தொழில் கத்துக்கிட்ட பள்ளிக்கூடம் அதோட மூடுது.

எல்லாரும் வீட்டு வாசல்ல ஸ்டியரிங்கைப் பிரிங்கன்னு நான் சொல்ல வரலை. தயவு செஞ்சு தெரியாம கை வைக்காதீங்க, இது உயிர் விசயம். நான் கேக்கறது வேற. 1920-கள்ல ஒரு டிசைனர், 'இது ஒரு நாள் தேயும், அன்னிக்கு அங்க இருக்கறவன் சரி பண்ணட்டும்'னு ஒரு திருகாணிக்கு இடம் விட்டார். அந்த நம்பிக்கைதான் லாஃபயெட்ல செஞ்ச ஒரு பொருளை, அந்த ஊர் பேரையே கேட்டிராத கெடார் மெக்கானிக்கால நூறு வருசம் கழிச்சும் சரி பண்ண முடியற மாதிரி வச்சிருந்துச்சு. இன்னிக்கு நிரல் எழுதற நாமளும் அந்த டிசைனர் உக்காந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கோம். நாம எழுதறதுல அந்தத் திருகாணிக்கு எங்க இடம் விட்டிருக்கோம்?

உங்க ஊர் மெக்கானிக் பட்டறைக் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: ஜீப்பு இப்ப நேரா போகுது. பெரியப்பாதான் பழக்க தோசத்துல இன்னும் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் ஆட்டிக்கிட்டே ஓட்டறார் :-)